கெசட் உங்கள் பெயரை மாற்றுவதில்லை: பெயர் மாற்ற அறிவிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

“கெசட்ல போட்டுட்டா போதும், பேர் மாறிடும்.” இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் வங்கி வரிசையிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பக்கத்தில் நிற்பவர் குறுக்கிட்டு, “இல்லைங்க, ரெண்டு பேப்பர்ல விளம்பரம் கொடுக்கணும், அப்பத்தான் செல்லும்” என்பார். மூன்றாமவருக்குக் கோர்ட்டுக்குப் போகாமல் எதுவும் நடக்காது என்று உறுதியான நம்பிக்கை இருக்கும்.

மூன்று பேரும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு எதற்காக, யாருக்காக, அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவே செய்யாது என்பதை யாரும் சொல்வதில்லை. அது தெரியாததால்தான் பலர் பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, கையில் கெசட் நகலோடு போய் நின்று, “இது போதாதுங்க” என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்தே இதைப் பார்ப்போம். தேவைப்படும் இடத்தில் மட்டும் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் எட்டிப் பார்க்கலாம்.

மூடிய ஷட்டரில் ஒட்டிய காகிதம்

பல வருடம் ஒரே இடத்தில் இருந்த மளிகைக் கடை ஒரு நாள் மூடிக் கிடக்கிறது. ஷட்டரில் ஒரு காகிதம்: “இக்கடை எதிர்ச் சந்தில் உள்ள கட்டடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.”

இந்தக் காகிதம் கடையை இடம் மாற்றவில்லை. மூட்டை முடிச்சோடு கடைக்காரர் ஏற்கெனவே மாறிவிட்டார். காகிதம் யாரிடமும் அனுமதியும் கேட்கவில்லை. அது செய்வது ஒரே வேலைதான்: பழைய கடையும் புதிய கடையும் ஒரே ஆளுடையவை என்று இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. அதனால்தான் அதைப் புதுக் கடையில் ஒட்டாமல் பழைய ஷட்டரில் ஒட்டுகிறார்கள். பாக்கி வசூலிக்க வருகிறவர், சரக்கு போடுகிறவர், சீட்டுப் பணம் கேட்டு வருகிறவர் எல்லாரும் வந்து நிற்கப் போவது பழைய இடத்தில்தானே.

பெயர் மாற்ற அறிவிப்பும் அப்படித்தான். நேற்று வரை ஒரு பெயரில் கடன் வாங்கி, நிலம் வாங்கி, பரீட்சை எழுதி, வழக்குப் போட்டு வாழ்ந்த ஒருவர் இன்றிலிருந்து வேறு பெயரில் வாழப் போகிறார். அந்த இரண்டு பெயருக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள்தான் என்று ஊரறியச் சொல்வதுதான் பொது அறிவிப்பு. குறிப்பிட்ட ஒருவருக்கு அனுப்பாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிட்டு, ‘சொல்லியாகிவிட்டது’ என்று பதிவு செய்து வைக்கும் முறை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

எல்லாரும் படிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. புதன்கிழமை காலையில் கெசட்டைப் புரட்டிக்கொண்டு காப்பி குடிப்பவர் யார்? பார்க்க விரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம் என்பதே போதும். பின்னாளில் “இவர் பெயரை மறைத்து ஏமாற்றிவிட்டார்” என்று யாராவது சொன்னால், “மறைக்கவில்லை, இன்ன தேதியில் அச்சிட்டிருக்கிறேன்” என்று காட்ட அது கையில் இருக்கும்.

சுருக்கமாக: பெயரை மாற்றுவது நீங்கள். அறிவிப்பு பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கிறது.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், இந்தியாவில் ‘பெயர் மாற்றச் சட்டம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. வயது வந்த ஒருவர் பெயரை மாற்றிக்கொள்ள நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற பொது விதியும் இல்லை. பெயர் என்பது ஒருவருடைய அடையாளத்தின் பகுதி, அதைத் தேர்ந்தெடுப்பது கருத்துரிமையோடு சேர்ந்தது என்று 2021 ஜூனில் ஜிக்யா யாதவ் எதிர் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது.

ஆக, உரிமை இருக்கிறது. ஆனால் அரசு அலுவலகம், வங்கி, கல்வி வாரியம் ஒவ்வொன்றும் தன் பதிவேட்டில் இருக்கும் பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு சான்று கேட்கிறது. அந்தச் சான்றாகப் பெரும்பாலான இடங்களில் ஏற்கப்படுவது அரசிதழ் அறிவிப்பு. அதாவது கெசட் கட்டாயமாவது ஒரு பெரிய சட்டத்தால் இல்லை. அந்தந்த அலுவலகத்தின் விதியால்தான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் ‘அவருக்குப் பேப்பர் விளம்பரம் கேட்டார்கள், எனக்குக் கேட்கவில்லையே’ என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அரசிதழ் என்பது என்ன?

அரசு தன் உத்தரவுகளையும் அறிவிக்கைகளையும் அதிகாரபூர்வமாக வெளியிடும் இதழ்தான் அரசிதழ். பேச்சில் கெசட். புதுச் சட்டம், நியமனம், நில எடுப்பு எல்லாம் இதில்தான் வரும். உலகில் பழையவற்றுள் ஒன்றான லண்டன் கெசட் 1665இல் தொடங்கியது. இங்கே இந்த வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது.

தமிழ்நாடு அரசிதழை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது. வாராந்தர இதழ் புதன்கிழமைகளில் வரும். முகப்பில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத் தேதி, தமிழ் ஆண்டின் பெயர், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். இதழ் பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. நமக்கு வேண்டியது பகுதி 6, பிரிவு 4. தனியாரும் தனியார் அமைப்புகளும் கட்டணம் செலுத்திக் கொடுக்கும் விளம்பரங்களுக்கான இடம் அது. பெயர் மாற்ற அறிவிப்புகள் இதில்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. மதம் மாறிப் புதுப் பெயர் எடுத்தவர்களின் அறிவிப்புகளும் அங்கேயே இருக்கும்.

‘விளம்பரம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசின் இதழில் வருவதால் அது அரசின் ஆணை ஆகிவிடாது. இதழ் அரசுடையது, வாசகம் உங்களுடையது.

ஓர் அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். கெசட்டில் வரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“நான், கே. செல்வகுமார், தந்தை பெயர் திரு. கருப்பையா, பிறந்தது 1988 ஜூன் 5 (சொந்த மாவட்டம்: சிவகங்கை), மதுரை, இன்ன தெரு, இன்ன எண் வீட்டில் வசிப்பவன், இனி கே. செல்வா என்று அறியப்படுவேன்.”

கீழே பெயர், ஊர், தேதி. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வரும் ‘ஷால் ஹென்ஸ்ஃபோர்த் பி நோன் ஆஸ்’ என்ற தொடரைக் கெசட் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள், பக்கம் முழுக்க அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்.

சலிப்பூட்டும் இந்த ஒரு வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. மதுரையில் செல்வகுமார்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதில் கருப்பையா மகன் செல்வகுமார்கள் சிலர் இருப்பார்கள். பிறந்த தேதியும் சொந்த மாவட்டமும் சேரும்போது அநேகமாக ஒருவர்தான் மிஞ்சுவார். தந்தை பெயர், பிறந்த தேதி, மாவட்டம் மூன்றும் சேர்ந்து ஆளைப் பூட்டு போட்டு நிறுத்துகின்றன. முகவரி, தேடி வருகிறவருக்கு. ‘இனி’ என்ற சொல் இன்னொரு முக்கியமான வேலையைச் செய்கிறது: மாற்றம் இன்றிலிருந்துதான், நேற்று வரை செய்த எதுவும் செல்லாமல் போகாது. 2010இல் செல்வகுமாராக வாங்கிய கடன், செல்வாவின் கடன்தான்.

இன்னொன்று. அடியில் இருக்கும் பெயர் பழைய பெயர். அறிவிப்பது பழைய பெயரில் இருக்கும் ஆள் என்பதால் அப்படி. காகிதம் பழைய ஷட்டரில்தானே ஒட்டப்பட வேண்டும்.

ஏன் மாற்றுகிறீர்கள் என்ற காரணம் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதையும் பாருங்கள். எண்கணித ஜோசியர் சொன்னார், பிடிக்கவில்லை, பள்ளியில் கேலி செய்தார்கள், என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். உலகத்துக்குத் தெரிய வேண்டியது பழையது எது, புதியது எது என்பது மட்டுமே.

எண்கணிதம் என்றதும் ஒரு விஷயம். நம்மூர் அறிவிப்புகளில் கணிசமானவை ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைப்பவை. ஒரு ‘ஏ’ இருந்த இடத்தில் இரண்டு, எங்கோ ஓர் ‘எச்’ கூடுதல். தமிழில் எழுதினால் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றேதான்! தமிழ்நாடு அரசிதழில் தமிழிலும் வெளியிடலாம், ஆங்கிலத்திலும் வெளியிடலாம், தமிழுக்குக் கட்டணம் குறைவு. கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற அந்த நகலை நீட்டினால் அதிகாரி என்ன செய்வார்? மாற்றம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் அறிவிப்பு இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழிலோ பட்டாவிலோ தமிழ்ப் பெயர்தான் சிக்கல் என்றால் தமிழ் அறிவிப்பு சரியானது.

விண்ணப்பத்தின் நடைமுறை கடினமானதல்ல. துறையின் படிவம், புகைப்படம், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிச் சான்று, கட்டணம். புகைப்படத்திலும் நகல்களிலும் தகுதியுள்ள அரசு அலுவலரிடமோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். நோட்டரி என்பவர் ஆவணங்களையும் கையெழுத்துகளையும் சரிபார்த்து முத்திரையிட அரசு அனுமதித்த வழக்கறிஞர். அலுவலகம் சென்னை அண்ணா சாலை 110ஆம் எண்ணில் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அப்போது வாசகம் “என் மகள் இன்னார், இனி இன்னார் என்று அறியப்படுவார்” என்று மாறும். தத்தெடுத்த பிள்ளை என்றால் தத்துப் பத்திரம், மணமுறிவுக்குப் பிறகு மாற்றம் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு நகல் என்று சூழலுக்கு ஏற்பக் கூடுதல் காகிதம் கேட்பார்கள்.

படிவத்தில் எழுதும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள்: இனிஷியலும் அதன் இடமும், புள்ளியும் இடைவெளியும் உட்பட. பழைய பெயர், உங்கள் பழைய ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஆவணத்தில் ‘செல்வகுமார் கே’ என்று இருந்து, கெசட்டில் ‘கே. செல்வகுமார்’ என்று வந்தால், முடிச்சின் ஒரு முனை காற்றில் தொங்கும். வெளியான பிறகு பிழை கண்டால் உடனே துறைக்கு எழுதித் திருத்தம் கேட்க வேண்டும். காலம் கடத்தினால் மறுபடி பணம் கட்டி முதலிலிருந்துதான்.

“நாங்கள் பொறுப்பல்ல”

பெயர் மாற்றப் பகுதியின் தொடக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை. அதன் சாரம் இது: தமிழ்நாடு அரசிதழில் வெளியாகும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்குச் சட்டப்படியான எந்தப் பொறுப்பும் ஏற்கப்படாது. மாற்றத்தை அறிவிப்பவர்களே அதன் சட்ட விளைவுகளுக்கும், தவறான தகவல் ஏதும் இருந்தால் அதற்கும் முழுப் பொறுப்பு. அடியில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை இயக்குநரின் பெயரால் கையொப்பம்.

என்னைக் கேட்டால் பெயர் மாற்றம் பற்றிய எல்லாத் தவறான நம்பிக்கைகளுக்கும் மருந்து இந்த ஒரு குறிப்பு. அரசு உங்கள் பெயரை மாற்றவில்லை, அங்கீகரிக்கவும் இல்லை. நீங்கள் சொன்னதை, இன்ன ஆள்தான் சொன்னார் என்று பார்த்துக்கொண்டு, அச்சிட்டது.

அப்படியானால் அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சான்றுச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அரசிதழ் என்று காட்டப்படும் ஆவணத்தை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அசல் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமிலும் இருக்கிறது. இன்ன தேதியில் இன்ன அறிவிப்பு வெளியானது என்பதைத் தனியாக யாரும் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசல் என்று நம்புவது இதழைத்தான். அதற்குள் நீங்கள் சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. பொய்யான தந்தை பெயரைக் கொடுத்து அச்சிட்டுவிட்டால் அவர் தந்தையாகிவிட மாட்டார்.

சுருக்கமாக: கெசட் நிரூபிப்பது ‘இப்படி அறிவிக்கப்பட்டது’ என்பதை. ‘அறிவித்தது எல்லாம் உண்மை’ என்பதை அல்ல.

பேப்பர் விளம்பரம் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு கொடுக்கப் பொதுவாக நாளிதழ் விளம்பரம் தேவைப்படுவதில்லை. அந்தப் பேச்சு வருவது வேறு இரண்டு இடங்களிலிருந்து.

ஒன்று, மத்திய அரசிதழ். டெல்லியில் உள்ள வெளியீட்டுத் துறை நடத்துவது. வாராந்தர இதழ் சனிக்கிழமைகளில் வரும், தனியார் அறிவிப்புகள் அதில் பகுதி 4. இங்கே விண்ணப்பிப்பவர் அஃபிடவிட், அதாவது சொல்வது உண்மை என்று உறுதிமொழி அளித்துக் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றும், நாளிதழில் வெளியிட்ட விளம்பரமும் இணைக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்குப் பெயர் மாற்றப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், பிறகு கெசட் என்று படிப்படியான நடைமுறையே உண்டு. 2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் காகிதத்தில் அச்சாவதில்லை, இணையத்தில் மட்டுமே.

இரண்டு, பாஸ்போர்ட். திருமணம் போன்ற காரணம் எதுவும் இல்லாமல் பெயரை முழுதாக மாற்றுவோரிடம் அஃபிடவிட்டோடு இரண்டு நாளிதழ்களில் வந்த விளம்பரத்தைக் கேட்பது அந்தத் துறையின் நீண்ட காலப் பழக்கம். அங்கிருந்துதான் ‘ரெண்டு பேப்பர்’ என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது.

பேப்பர் விளம்பரத்தின் தத்துவமும் அதேதான்: நீங்கள் வாழும் பகுதியில், உங்களைத் தெரிந்தவர்கள் கண்ணில் படும்படி சொல்வது. அதனால்தான் இதழ் உங்கள் பகுதியில் விற்பனையாக வேண்டும் என்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு மாநிலத்து இதழில் போட்டால் நோக்கமே அடிபடும். விளம்பரத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளாமல், இதழின் பெயரும் தேதியும் உள்ள முழுப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். கத்தரித்த துண்டைப் பார்த்து அது எந்த நாள், எந்த இதழ் என்று எவரால் சொல்ல முடியும்?

ஆட்சேபம் கேட்கும் அறிவிப்பு வேறு

பொது அறிவிப்பில் இரண்டு வகை இருக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் “யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் என்ன செய்வது?” என்ற பயம் வருகிறது.

முதல் வகை, நடந்ததைத் தெரிவிப்பது. நம் கெசட் அறிவிப்பு இந்த வகை. அதில் ‘ஆட்சேபம் உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள்’ என்ற வரி கிடையாது. யாரும் தடுக்க முடியாது.

இரண்டாவது வகை, நடக்கப் போவதைச் சொல்லி எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்பது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் கீழ் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது நாள் ஒட்டும் அறிவிப்பு நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. பெயர் மாற்றத்துக்கே இந்த முறையை வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெயர் மாற்ற நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ‘இந்த மனுவை ஏன் ஏற்கக் கூடாது என்று சொல்ல விரும்புவோர் வாருங்கள்’ என்ற உத்தரவை வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் நாளிதழில் வெளியிட வேண்டும் என்பது பொது விதி. அங்கே அறிவிப்பு முன்னால், மாற்றம் பின்னால்.

இங்கிலாந்தில் நிலைமை நம்முடையதற்குப் பக்கம். ‘டீட் போல்’ என்ற ஒருதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலே போதும். அதை நீதிமன்றத்தில் பதிவு செய்ய விரும்புவோரின் அறிவிப்பு மட்டும் லண்டன் கெசட்டில் வரும். அமெரிக்கச் செய்திகளையும் சினிமாவையும் பார்த்துவிட்டு ‘கோர்ட் ஆர்டர் வாங்கணும்’ என்று நம்மூரில் சொல்வது, இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான்.

கெசட் வந்துவிட்டது. அடுத்து?

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எந்த அலுவலகமும் கெசட்டைப் படித்துவிட்டு உங்கள் பெயரைத் தானாக மாற்றாது. ஒவ்வொரு கதவாக நீங்கள்தான் தட்ட வேண்டும்.

வங்கிதான் கொஞ்சம் சுலபம். வாடிக்கையாளர் அடையாளம் பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தால், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆவணத்தை ஏற்கலாம். கிளையில் தயங்கினால் இந்த விதியைச் சுட்டிக்காட்டலாம்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்ற வரம்பு இருக்கிறது. முழுப் பெயரும் மாறினால் கெசட்டோடு பழைய பெயரில் உள்ள ஓர் அடையாள ஆவணமும் கேட்பார்கள். ஆகவே ஆர்வத்தில் எல்லாப் பழைய அட்டைகளையும் முதலிலேயே மாற்றிவிடாதீர்கள், பழைய பெயரில் புகைப்படத்தோடு ஒன்றாவது இருக்கட்டும். ஆதார் முடிந்த பிறகு பான், வாக்காளர் அட்டை (படிவம் 8), பாஸ்போர்ட் என்று போவது எளிது. பின்னால் வருகிறவை பெரும்பாலும் முன்னால் மாறியதைப் பார்க்கும்.

பிறப்புச் சான்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றும்தான் அசைந்து கொடுக்காதவை. பிறப்புப் பதிவேடு, நீங்கள் பிறந்தபோது இருந்த நிலையைப் பதிந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அதில் பிழையைத் திருத்த வழி வைத்திருக்கிறது. முப்பது வயதில் பிடித்த புதுப் பெயர் பிழைத் திருத்தம் ஆகாது. பள்ளிச் சான்றும் அப்படியே, அன்று பரீட்சை எழுதியவர் செல்வகுமார்தான். முன்பு சொன்ன 2021 தீர்ப்பில் சிபிஎஸ்இ இந்தக் கதவை முழுக்கச் சாத்தக் கூடாது, உரிய நிபந்தனைகளோடு திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நிபந்தனைகளில் அரசிதழ் அறிவிப்பும் இடம்பெறுகிறது. மற்றபடி நடைமுறையில் பெரும்பாலானோர் செய்வது பழைய சான்றையும் கெசட் நகலையும் சேர்த்து நீட்டுவதுதான். அதில் குறை ஒன்றும் இல்லை, கெசட் இருப்பதே அதற்காகத்தானே.

சொத்துப் பத்திரமும் அதே கதைதான். செல்வகுமார் பெயரில் வாங்கிய மனைக்குக் கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பழைய பெயரில்தான் இருக்கும். விற்கும் நாளில் கையெழுத்திடப் போகிறவர் செல்வா. வாங்குபவருடைய வக்கீல் முதலில் கேட்பது கெசட் நகலைத்தான். புதுக் கிரயப் பத்திரத்திலும் ‘செல்வகுமார் என்கிற செல்வா’ என்று எழுதி, அரசிதழின் தேதி, பகுதி, பக்க எண் எல்லாம் குறிப்பிடுவார்கள். பெயர் மாற்றி இருபது வருடம் கழித்தும் அந்த நகல் தேவைப்படும் இடம் இது.

சுருக்கமாக: கெசட் ஒரு சாவிக்கொத்து அல்ல. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனி விதி, தனி விண்ணப்பம். எந்த ஆவணத்தை மாற்றத்தான் இவ்வளவும் என்று முதலில் முடிவு செய்து, அந்த அலுவலகம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் அறிவிப்பு கொடுங்கள்.

எல்லாருக்கும் தெரிவதில் உள்ள ஆபத்து

பழைய காலத்துக் கெசட் நூலக அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. இன்று அதே இதழ் பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் இருக்கிறது. உங்கள் பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி அத்தனையும் ஒரே வாக்கியத்தில். ஊரறியச் சொல்வதற்காக உண்டான முறை, மோசடிக்காரருக்கும் அதே வாக்கியத்தைக் கொடுக்கிறது. இந்த நடைமுறையை வகுத்தவர்கள் இதை நினைத்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இப்போதாவது முகவரியையும் முழுப் பிறந்த தேதியையும் இணையப் பிரதியில் மறைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வன்முறையான குடும்பத்தை விட்டு ஓடி வந்தவருக்கும், பாலின அடையாளத்தை மாற்றிக்கொண்டவருக்கும் இது வெறும் சங்கடம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. பழைய பெயரையும் புதிய பெயரையும் முடிச்சுப் போடுவதுதான் அறிவிப்பின் வேலை, அவர்கள் அவிழ்க்க நினைப்பதும் அதே முடிச்சைத்தான். நியூயார்க் மாநிலம் 2021இல் பெயர் மாற்றத்துக்கு நாளிதழ் அறிவிப்பு வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டது. கலிஃபோர்னியா, பாலின அடையாளத்துக்கு ஏற்பப் பெயர் மாற்றுவோருக்கு அந்த அறிவிப்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. இந்தியாவில் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019 இயற்றப்பட்டபோது, மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்றைக் கொண்டு பிறப்புச் சான்று உள்ளிட்ட ஆவணங்களில் முதற்பெயரை மாற்றிக்கொள்ளும் வழியை வைத்தது. பிறப்புச் சான்றே மாறும் என்பதால் பலருக்கு அது கெசட்டை விடப் பயன் உள்ள வழி.

அறிவிப்பே தேவைப்படாதவர்கள்

கெசட்டுக்குப் பணம் கட்டுகிறவர்களில் சிலருக்கு அது தேவையே இல்லை. திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்க விரும்பும் பெண்ணுக்குப் பெரும்பாலான இடங்களில் பதிவுத் திருமணச் சான்றே போதும். சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் எந்தச் சட்டத்திலும் இல்லை. தந்தை பெயரையே இனிஷியலாக வைத்துக்கொள்ளலாம்.

இனிஷியலை விரித்து எழுதுவதும் பெயர் மாற்றம் ஆகாது. ‘கே’ என்பது கருப்பையா என்று பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ காட்டினால், பாஸ்போர்ட்டுக்கும் ஆதாருக்கும் அதுவே வழக்கமாகப் போதுமானது. ஆனால் ‘கே’ இருந்த இடத்தில் ‘ஆர்’ வேண்டும் என்றால் கதை வேறு, தந்தை பெயரே மாறியதாக அர்த்தமாகும், ஆவணம் கேட்பார்கள்.

அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்றால், அது அவர்கள் பிழை. திருத்த மனுவும் அசல் ஆவணமும் போதும். ஆதாரில் விழுந்த பிழையைச் சரிசெய்வதற்காக, ‘நான் இனி இவ்வாறு அறியப்படுவேன்’ என்று கெசட்டில் போட்டுவிட்டால், பிழையான பெயர்தான் உங்கள் பழைய பெயர் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அப்புறம் பிறப்புச் சான்றிலிருந்து பட்டம் வரை சரியாக இருந்த ஒவ்வொன்றுக்கும், இது ஏன் பழைய பெயரில் இல்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.